பதினைந்தாவது கல்

நடுவர் அவர்களே! திருவேங்கடத்துப் பெரியோர்களே! வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

'சுற்றுலாவுக்குப் பெரியவர்களை அழைத்துப் போவது சுகமா, சுமையா?' சுமை என்று பேசிய எதிரணி நண்பர் ஒரு பட்டியலே வாசித்தார். முழங்கால் வலி, மாத்திரை டப்பா, புளியோதரை மூட்டை! ஐயா, அந்த மூட்டையை ரயிலில் முதலில் பிரித்தது யார் என்று மட்டும் சொல்லவே இல்லையே! (சிரிப்பு)

சுகமே என்பது எங்கள் கட்சி. சாட்சிக்கு ஒரு தோட்டத்தைக் கூப்பிடுகிறேன்.

ஜப்பானில் கியோட்டோ நகரம். அங்கே ரியோஆன்ஜி என்று ஒரு புத்தர் கோயில். 1994-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த கோயில்களில் அதுவும் ஒன்று. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நவம்பர் கடைசி. நமக்குக் கார்த்திகை மழை. அவர்களுக்கு இலையுதிர் காலம். மேப்பிள் மரமெல்லாம் வத்தல் காயப்போட்ட களம் மாதிரி சிவந்து கிடக்கிறது. உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அம்மாவுக்கு நிம்மதி. "ஏய்யா, இது கோயில்தான்!"

தோட்டம் ஏறக்குறைய ஆறு சென்ட் இடம். பூ இல்லை, மரம் இல்லை, சொட்டுத் தண்ணீர் இல்லை. வெள்ளைச் சரளை பரப்பி, அதில் 15 கல். கல்லைச் சுற்றிக் கொஞ்சம் பாசி. சரளையை வாரியால் கோடு கோடாக இழுத்துவிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்! "இதுக்கா இவ்வளவு விமானச் செலவு?" என்று எதிரணி கேட்கும். அம்மா கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தவள் சொன்னாள்: "வாசத் தெளிச்சுக் கோலம் போட்டாப்பிலயே இருக்கு. தண்ணி இல்லாமலே ஆறு ஓடுதேய்யா!"

அந்தச் சரளையைத் தண்ணீராகப் பார்க்கவேண்டும் என்பதை எனக்கு வழிகாட்டிப் புத்தகம் சொல்லித் தந்தது. அவளுக்கு யார் சொன்னது? வானத்தை நம்பிக் கரிசலில் பருத்தி விதைத்தவள் அவள். தண்ணீருக்கு ஏங்கிய கண்ணுக்குத்தான் கல்லிலும் ஆறு தெரியும்! (கைதட்டல்)

இன்னொன்று. அந்தத் தோட்டத்துத் திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்துகொள்ளும். நான் இந்தக் கோடியிலிருந்து எண்ணினேன், 14. அம்மா அந்தக் கோடியிலிருந்து எண்ணினாள், 14. எனக்கு மறைந்தது அவளுக்குத் தெரிந்தது; அவளுக்கு மறைந்தது எனக்குத் தெரிந்தது. இரண்டு பேர் கணக்கையும் சேர்த்தால்தான் 15!

குடும்பமும் அப்படித்தானே, நடுவர் அவர்களே? இருபது வயசுக்கு ஒரு கல் மறையும். எழுபது வயசுக்கு வேறொரு கல் மறையும். பெத்தவங்களை வீட்டுக்குக் காவல் வைத்துவிட்டுப் போகிறவன் டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கலாம். பதினைந்தாவது கல்லை அவனுக்கு யார் காட்டுவது?

"அடுத்த வருஷம் கூட்டிப் போறேம்மா" என்று தள்ளிப்போடாதீர்கள். மரத்துக்கு உதிர்ந்த இலை மறுவருஷம் துளிர்க்கும். மனுஷனுக்கு?

ஆகவே, பெரியவர்களோடு போவது சுகமே, சுகமே என்று கூறி விடைபெறுகிறேன்.