திரும்பி வராத நாழி



செஞ்சிக் கோட்டைக்குச் சென்று வந்த மாணவர்கள் அங்குள்ள பெரிய நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் நிற்கும்போதெல்லாம் என் மனத்தில் எழுவது ஒரே கேள்விதான். இத்தனை நெல்லையும் அளந்து கொடுத்தவன், கொடுத்ததற்குக் கணக்கு எப்படி வைத்தான்? கொடுத்த கணக்கில் ஒரு வரி அழிந்துபோனால் அந்த நெல் என்ன ஆயிற்று?

நான் தளவானூர்க்காரன். மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த சத்துருமல்லேசுவரம் என்னும் குகைக்கோயில் எங்கள் ஊரில் இருப்பதால், வரலாறு படிப்போர் ஊரின் பெயரை அறிவர். ஆனால் நான் இன்று சொல்ல வந்தது பல்லவர் கதை அன்று. எங்கள் ஊர்க் கிணறு ஒன்றின் அருகே வைத்திருந்த சிறு கணிப்பொறியின் கதை.

கிணற்றின் நீர்மட்டத்தை நொடிக்கு ஒரு முறை கேட்டுப் பதிவு செய்வது அக்கணிப்பொறியின் வேலை. நீருக்குள் தொங்கிய கருவி ஒன்று அதற்கு விடை கூறும். ஐப்பசியில் வைத்தோம்; பங்குனி வரை ஒரு குறையுமில்லை. சித்திரை பிறந்தது. ஒன்பதாம் நாள் பொறி நின்றுவிட்டது. அணைத்து மீண்டும் ஏற்றினோம். மறுபடி ஒன்பது நாள் ஓடி நின்றது. வெயிலின் கொடுமை என்றார் ஒருவர். மின்சாரத்தின் குற்றம் என்றார் இன்னொருவர். வாரத்துக்கு ஒரு முறை அணைத்து ஏற்றினால் தீர்ந்தது என்பது பொறியை வைத்த நிறுவனத்தாரின் யோசனை. எனக்கு அது பிடிக்கவில்லை. கிணறு வற்றும் மாதங்களின் கணக்குத்தானே உழவனுக்கு முதலில் வேண்டும்? அம்மாதங்களில் நின்றுபோகும் கணக்கு எதற்கு?

நிற்பதற்குச் சற்று முன்னர் பொறி எழுதி வைத்த கடைசிக் குறிப்பைப் பார்த்தேன். நினைவகம் தீர்ந்துவிட்டது, ஆகையால் நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் நிரலை முடித்துவிட்டேன் என்பது அதன் பொருள். நினைவகம் அடியோடு வற்றும்போது, மிகுதியாக வைத்திருக்கும் நிரலைத் தேடிப் பலியிடுவது லினக்ஸ் இயக்க முறைமையின் வழக்கம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அதுதான் இங்கும். முடிக்கப்பட்ட நிரலிடம் ஒரு குற்றமும் இல்லை என்பதைக் கண்டுகொள்ளவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

இங்கே நினைவகம் பங்கிடப்படும் முறையைச் சொல்ல வேண்டும். நம் பழைய அளவைகளை நினைத்துப் பாருங்கள். 2 உழக்கு 1 உரி; 2 உரி 1 நாழி; 8 நாழி 1 குறுணி; 2 குறுணி 1 பதக்கு; 2 பதக்கு 1 தூணி. கலத்துக்கு வரும்போதுதான் மூன்று தூணியாகி இந்த இரட்டிப்பு மாறுகிறது. இயக்க முறைமையின் கருவான கெர்னலும் இப்படியே அளக்கிறது. 4,096 பைட் கொண்டது ஒரு பக்கம். அதை இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துப் பெரிய பங்குகளாகக் கொடுக்கும். திரும்பி வந்ததும் பக்கத்துப் பங்குடன் சேர்த்துப் பழையபடி ஒன்றாக்கும். இம்முறையைப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென்னத் நோல்ட்டன் 1965-இல் எழுதி வெளியிட்டார். பக்கத்தையும் சிறு துண்டுகளாக்கி, ஒரே அளவின வெல்லாம் ஒரே தட்டில் இருக்குமாறு அடுக்கும் முறையை ஜெஃப் பான்விக் 1994-இல் விளக்கினார். அந்த வழியில் வந்த ஸ்லப் என்னும் பங்கீட்டு முறை 2007-இல் லினக்ஸில் சேர்ந்தது. 512 பைட் துண்டுகள் ஒரு பக்கத்தில் எட்டு அடங்கும். பக்கம் குறுணியானால் துண்டு நாழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண நிரல் ஒன்று, வாங்கிய நாழியைத் திருப்ப மறந்தால் பெரிய கேடில்லை. அந்நிரல் முடியும்போது அதன் பெயரில் உள்ளதையெல்லாம் கெர்னல் மீட்டுக்கொள்ளும். மறந்தவன் களஞ்சியக்காரனே என்றால்? கெர்னல் தனக்கென எடுத்ததைத் திரும்பக் கேட்க அதற்கு மேலே ஒருவரும் இல்லை. அத்துண்டின் முகவரியைக் குறித்து வைத்த கடைசி இடமும் அழிந்துவிட்டால், துண்டு அங்கேயே இருக்கும். ஆனால் எவராலும் பயன்படுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. நெல் களவு போகவில்லை. குதிருக்குப் போகும் வழிதான் மறந்துபோயிற்று. இதை நினைவகக் கசிவு என்கிறோம். பொறியை அணைத்தாலன்றி அது தீராது.

அளவு வாரியாகத் துண்டுகளை எண்ணிக் காட்டும் பட்டியல் ஒன்று கெர்னலில் உண்டு. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார்த்தேன். மற்ற வரிகள் ஏறி இறங்கின; 512-இன் வரி மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. ஏறுவது தெரிந்தது, ஏற்றுபவர் யார் என்று தெரியவில்லை. அதற்கு 2009-இல் லினக்ஸில் சேர்ந்த கேமெம்லீக் என்னும் துப்பறியும் பகுதி உதவிற்று. கெர்னலை அப்பகுதியுடன் புதிதாகக் கட்ட வேண்டும். பொறி சற்று மந்தமாகும். ஆனால் அதன் உத்தி அழகானது. கொடுக்கும் ஒவ்வொரு துண்டையும், கேட்டவர் இன்னார் என்பதையும் அது குறித்துக்கொள்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நினைவகத்தைத் துழாவி, ஒவ்வொரு துண்டின் முகவரியும் எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுகிறது. எங்குமே முகவரியில்லாத துண்டு ஐயத்துக்குரியது. எதேச்சையாக ஓர் எண் முகவரிபோல் அமைந்துவிட்டால் உண்மைக் கசிவையும் அது தவறவிடக் கூடும். எனவே முடிந்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

அது காட்டிய இடம், கிணற்றுக் கருவியுடன் பேசும் இயக்கி நிரல். கருவியின் விடையை வாங்கிக்கொள்ள அது 512 பைட் கடன் வாங்கும். விடை வந்தால் படித்துவிட்டுக் கடனைத் திருப்பும். விடை வராவிட்டால், பிழை என்று சொல்லிவிட்டு அங்கிருந்தே வெளியேறும். அந்த வாயிலில் திருப்பும் வரி எழுதப்படவில்லை. மழைக்காலத்தில் அவ்வழியே யாரும் போகவில்லை. சித்திரையிலோ நீர் கருவிக்குக் கீழே இறங்கிவிட்டது. கருவி வாய் திறக்கவில்லை. நொடிக்கு ஒரு நாழி போயிற்று. நாளைக்கு 86,400 நொடி. 4 கோடியே 42 லட்சம் பைட். பொறியில் மிச்சமாக இருந்தது ஏறத்தாழ 40 கோடி. ஒன்பது நாள் கணக்கு நேராகிவிட்டதல்லவா?

ஒரு வரி சேர்த்தால் போதும் என்று நினைத்தேன். அவசரத்தில் இரு வழிகளும் சேருமிடத்துக்குக் கீழே அதை எழுதிவிட்டேன். விடை வந்த வழியில் ஒரே துண்டு இரண்டு முறை திருப்பப்பட்டது. முதல் முறை திருப்பியதுமே அத்துண்டை வேறொருவர் வாங்கியிருக்கக் கூடும். அவர் கையிலிருப்பதைப் பிடுங்கி மூன்றாமவருக்குக் கொடுப்பது போன்றது இது. நீருள்ள வேறொரு கிணற்றில் சோதித்தபோது பொறி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. கசிவு பொறியை ஒன்பது நாளாவது வாழவிட்டது. என் மருத்துவம் அதையும் விடவில்லை. என்னுடன் இருந்த கல்லூரி மாணவி ஒருத்திதான் தவற்றைக் காட்டினாள். கெர்னல் எழுதுவோரின் பழைய வழக்கப்படி, எல்லா வழிகளையும் ஒரே வாயிலுக்குத் திருப்பி, வாங்கிய வரிசைக்குத் தலைகீழாக அங்கே திருப்பிக் கொடுக்கும்படி அவளே மாற்றி எழுதினாள். நான் சேர்த்த வரியையும் அடித்துவிட்டாள்.

சித்திரையின் மிச்ச நாட்களும் வைகாசியும் ஆனியும் பொறி ஓடிற்று. பதிவேட்டில் அம்மாதங்களில் நொடிக்கு நொடி ஒரே குறிப்புத்தான்: விடையில்லை. ஆவணியில் மழை பெய்து நீர் ஏறிய ஒரு நாள் விடியலில், 4 மணி 12 நிமிடத்துக்குக் கருவி மறுபடி பேசியிருக்கிறது.