காரணங்களும் தமிழில் வேண்டும்



இன்று நாள் முழுவதும் அண்மைக்கால மேன்முறையீட்டுத் தீர்ப்புகளைப் பற்றிப் பேசப்போகிறோம். அமர்வுகள் தொடங்கும் முன் ஒரு விடயத்தை மட்டும் முன்வைக்க அனுமதி வேண்டுகிறேன். ஒரு தீர்ப்பின் முடிவு மறுநாள் காலையிலேயே தமிழ்ப் பத்திரிகையில் வந்துவிடுகிறது. யார் வென்றார், யார் தோற்றார், எவ்வளவு இழப்பீடு என்பதெல்லாம் காலி வீதிக் கடைகளில் பேச்சாகிவிடுகிறது. நீதிமன்றம் எந்த வழியால் அந்த முடிவுக்கு வந்தது என்பது மட்டும் ஆங்கிலத்திலேயே தங்கிவிடுகிறது. அடுத்த வழக்கில் நமக்குக் கைகொடுக்கப்போவதும் நம்மைத் தோற்கடிக்கப்போவதும் அந்த வழிதான்.

இதற்குப் பழைய சான்றொன்று உண்டு. செல்லையா கோடீஸ்வரன் வழக்கை அறியாத தமிழ்ச் சட்டத்தரணி இருக்கமாட்டார். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் வந்தபின், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்பதற்காக 1962இல் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. கச்சேரி எழுதுவினைஞரான அவர் அரசுக்கு எதிராகக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்தார். 1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்சர் அவருக்குச் சார்பாகத் தீர்த்தார். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவுக்கு அந்தச் சட்டம் முரணானது என்பது அவருடைய முடிவு. 1967இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக முடிக்குரிய அரசின்மேல் வழக்குத் தொடர முடியாது என்ற ஒரே காரணத்தால் புரட்டியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்குள் அது போகவேயில்லை. 1969 டிசம்பர் 11ஆம் திகதி இலண்டன் பிரிவி கவுன்சிலில் டிப்ளொக் பிரபு அந்தச் சம்பளக் காரணத்தைத் தள்ளிவிட்டு, அரசியலமைப்புக் கேள்வியை முடிவுசெய்யும்படி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்.

அத்தோடு நின்றது. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இன் புதிய அரசியலமைப்பு 29ஆவது பிரிவை இல்லாமலாக்கியது. அந்தக் கேள்விக்கு எந்த மேன்முறையீட்டு நீதிமன்றமும் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

ஆனாலும் நம் மேடைகளில் இதை எப்படிச் சொல்கிறோம்? கோடீஸ்வரன் வென்றார், இலண்டன் நீதிமன்றம் தமிழுக்கு நீதி வழங்கியது என்கிறோம். இரண்டு தலைமுறை இப்படி நம்பி வளர்ந்திருக்கிறது. அவர் வென்றது, சம்பளத்துக்காக வழக்குத் தொடரும் உரிமையை. மொழியுரிமைக் கேள்வி திறந்தபடியே கைவிடப்பட்டது. டிப்ளொக் பிரபுவின் தீர்ப்பை முழுதாகத் தமிழில் வாசித்திருந்தால், 1972இல் நாம் இழந்தது என்ன என்பது வேறு தெளிவோடு நமக்குப் புரிந்திருக்கும். நிலுவையில் இருந்த ஒரு கேள்வியையே அன்று இழந்தோம்.

இந்தக் கொழும்பு நகரத்தின் சொந்த வழக்குக்கு வருகிறேன். 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் எழுப்பப்பட்டு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பஸ்களில் ஏறும்படி பணிக்கப்பட்டார்கள். 376 பேர் அப்படி நகரத்தைவிட்டு அகற்றப்பட்டார்கள், பெரும்பாலானோர் வவுனியாவுக்கு. மருத்துவத்துக்கு வந்தவர்கள், கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் காத்திருந்தவர்கள், வடக்கில் உயிருக்குப் பயந்து வந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கொழும்பில் தங்குவதற்கு உரிய காரணம் காட்டவில்லை என்பதே அவர்கள்மேல் சொல்லப்பட்ட குறை. தன் நாட்டின் தலைநகரில் இருப்பதற்கு ஒரு பிரசை ஏன் காரணம் காட்ட வேண்டும்? மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. தமிழர்களைக் கொழும்பிலிருந்து வெளியேற்றக் கூடாது. கொழும்புக்குள் வருவதையும் தங்குவதையும் தடுக்கக் கூடாது. சில நாளில் பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

அன்றிரவு எத்தனை வீடுகளில் பெட்டி கட்டி வைத்திருந்தார்கள் என்பது இந்த அவையில் பலருக்குத் தெரியும். சில வரிக் கட்டளை ஒன்று அந்தப் பெட்டிகளை அவிழ்க்க வைத்தது. நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை தரும் சுதந்திரம் புத்தகத்திலிருந்து இறங்கி வீட்டு வாசலுக்கு வந்த நாள் அது. அந்தக் கட்டளையின் முழு வாசகம் நம் பிள்ளைகளின் குடியியல் பாடத்தில் இருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

நாம் வாசிக்கத் தயங்கும் தீர்ப்பும் உண்டு. நல்லரத்தினம் சிங்கராசா பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்த் தண்டிக்கப்பட்டார். அவருக்குச் சிங்களம் தெரியாது. சிங்களத்தில் எழுதப்பட்ட குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் இட்டார். அதை வைத்தே கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டு சிறை விதித்தது; மேன்முறையீட்டு நீதிமன்றம் 35ஆகக் குறைத்தது. நீதியான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004இல் கூறியது. அதைக் கொண்டு உயர் நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்தபோது, 2006 செப்டெம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு, அந்தக் குழுவுக்கு முறையிட வழிசெய்த நெறிமுறையில் ஜனாதிபதி சேர்ந்ததே அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று சொல்லி மனுவைத் தள்ளியது. தமக்கு விளங்காத மொழியின் கீழ்ப் பெருவிரல் வைத்த ஒருவரின் வழக்கு இது. அந்தத் தீர்ப்பையும் அவர் போன்றோர் தம் மொழியில் வாசிக்க முடியாதபடியே இருபது ஆண்டுகளாக விட்டுவைத்திருக்கிறோம். இதில் நீதிமன்றத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழும் ஆங்கிலமும் அறிந்த சட்டத்தரணிகள் இந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறோம்!

அண்மைக் காலத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் 20ஆவது திருத்தத்தின் பின் உயர் நீதிமன்ற நீதியரசர்களின் எண்ணிக்கை 11இலிருந்து 17ஆகவும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 12இலிருந்து 20ஆகவும் உயர்ந்தது. அமர்வுகள் கூடின; தீர்ப்புகளும் கூடின. தனி ஒருவர் எல்லாவற்றையும் வாசித்துத் தீர்க்கும் காலம் போய்விட்டது.

2023 ஜனவரி 12ஆம் திகதித் தீர்ப்பைக் கொட்டாஞ்சேனைக்காரருக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தபோது அதன் அதிர்வு ஜம்பட்டா வீதி வீடுகளையும் உலுக்கியது. அந்தத் தாக்குதலைத் தடுக்கத் தவறியமை பற்றிய மனுக்களில் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் கொண்ட அமர்வு, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், அன்றைய பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்புத் துறை உயரதிகாரிகளான பூஜித் ஜயசுந்தரவும் நிலந்த ஜயவர்தனவும் தலா ஏழரைக் கோடியும், ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடியும், சிசிர மெண்டிஸ் ஒரு கோடியும் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்த வேண்டும் என்றது. இந்தத் தொகைகள் எல்லோருக்கும் மனப்பாடம். முன்கூட்டிக் கிடைத்த எச்சரிக்கையை அறிந்தவர் யார், அறிந்திருக்க வேண்டியவர் யார், அறிந்தபின் செயற்படாதிருத்தல் எப்போது உரிமை மீறலாகிறது என்று அந்தத் தீர்ப்பு பொறுமையாகக் கட்டியெழுப்பும் பகுதி மனப்பாடமாகவில்லை. தேவாலயத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு உரியது அந்தப் பகுதி. பணத்தொகை அதன் பின்னால் வருவது.

2017 ஓகஸ்டில் கூட்டாட்சி பற்றி வந்த தீர்ப்புக்கும் இதே கதிதான். இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு எதிரான மனுவில், கூட்டாட்சி கோருவது பிரிவினை கோருவதாகாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. முடிவை அரசியல் மேடை எடுத்துக்கொண்டது. சுயநிர்ணய உரிமையை நாட்டின் எல்லைக்குள்ளேயே பயன்படுத்தலாம் என்று அது விளக்கும் பந்திகளை எடுத்துக்கொள்ள ஆளில்லை.

மன்னிப்பு வழக்குகளை இங்கே விரிக்க நேரமில்லை. பிற்பகல் அமர்வில் வருகின்றன. 2024இல் ஜனவரியிலும் ஜூனிலும் இரண்டு ஜனாதிபதி மன்னிப்புகளை உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்று, 2019இல் ஐந்து நீதியரசர்களால் அது உறுதிப்படுத்தப்பட்ட இராணுவச் சிப்பாய்க்கு 2020 மார்ச்சில் மன்னிப்பு வழங்கப்பட்டது. அதை எதிர்த்தும் மனுக்கள் தாக்கலாகின. அந்தக் குடும்பங்களுக்காகப் பேசும் எவரும் 2024இன் இரண்டு தீர்ப்புகளையும் காரணத்தோடு வாசித்திருக்க வேண்டும்.

2025 ஜூலை 23ஆம் திகதித் தீர்ப்பில் சற்று நிற்க விரும்புகிறேன். 2022 ஜூலை 17இல் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது அடிப்படை உரிமைகளை மீறியது என்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால் தீர்க்கப்பட்டது. அப்போதைய பிரதம நீதியரசர் முர்து பெர்னாண்டோவும் நீதியரசர் யசந்த கோதாகொடவும் ஒரு பக்கம்; நீதியரசர் அர்ஜுன ஒபேசேகர மறு பக்கம். 1983 முதல் 2011 வரை பெரும்பாலும் அவசரகாலச் சட்டத்தின் கீழேயே வாழ்ந்தவர்கள் நாம். சோதனைச் சாவடியும் நள்ளிரவுப் பதிவும் விடுதிச் சுற்றிவளைப்பும் அந்தச் சட்டத்தின் நிழலில்தான் நடந்தன. அப்படி ஒரு பிரகடனத்துக்குப் போதிய காரணம் இருந்ததா என்று நீதிமன்றம் உள்ளே புகுந்து பார்த்த தீர்ப்பு, எல்லாரையும்விட நமக்கு முக்கியமானது. மாறுபட்ட தீர்ப்பும் அதே அளவு முக்கியம். நாளை அரச தரப்பு நிற்கப்போவது அதன்மேல்தான். அதற்கு விடை தேடி வைத்திராத சட்டத்தரணி வெறும் கையோடு நிற்பார்.

தீர்ப்பின் காரணங்கள் தமிழில் கிடைக்காத இந்தக் குறை நம் அன்றாடத் தொழிலையும் தொடுகிறது. அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 126ஆவது உறுப்புரை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இதுவரை நம் மக்களுக்குத் தெரியும். ஆணைக்குழுவில் முறைப்பாட்டுத் துண்டை வாங்கி வைத்தால் போதாது, விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருந்ததைக் காட்ட வேண்டும் என்று பின்னைய தீர்ப்புகள் இறுக்கியிருப்பது தெரியாது. சட்டம் தமிழில் கிடைக்கிறது. தீர்ப்பு தமிழில் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியில் விழுந்து நியாயமான மனுக்கள் தொடக்கத்திலேயே தள்ளுபடியாகின்றன.

24ஆவது உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகளாக்குகிறது. எந்தத் தரப்பினரும் தமிழில் வழக்காவணம் சமர்ப்பிக்கலாம். மொழி தெரியாதவருக்கு உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் அரசு தர வேண்டும். புதுக்கடையில் உரைபெயர்ப்பாளர் இல்லாமல் தவணை போவது நாம் எல்லோரும் காணும் காட்சி. அதற்காகக் குரல் கொடுப்பது சட்டத்தரணிகள் சங்கத்தின் கடமை. தீர்ப்புகளைப் பொறுத்தவரை அரசு வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2019இல் இந்திய உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை வட்டார மொழிகளில் வெளியிடத் தொடங்கியபோது முதற் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழ்நாடு கேட்டது, சேர்த்தார்கள். நாமும் கேட்போம். கேட்டுக்கொண்டே நம் பங்கு வேலையையும் தொடங்குவோம்.

சட்டக் கல்லூரித் தமிழ் மன்றத்தின் நீதி முரசு, மாணவர்களாலேயே தமிழில் சட்டம் எழுத முடியும் என்பதைக் காட்டியிருக்கிறது. நான் கேட்பது, தெரிந்தெடுத்த மேன்முறையீட்டுத் தீர்ப்புகளின் முழு வடிவத்தை, மாறுபட்ட தீர்ப்போடு சேர்த்து, தமிழில் தரும் ஒரு தொடர். சுருக்கம் போதாது, சுருக்கத்தில் முதலில் உதிர்வது காரணம்தான். ஒருவர் பெயர்க்க, மேன்முறையீட்டில் பழக்கமுள்ள சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவர் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். மூலமே அதிகாரமுள்ளது என்ற குறிப்பு ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். விலையின்றிக் கொடுக்க வேண்டும். கொட்டாஞ்சேனை நூலகத்திலும் இங்குள்ள தமிழ்ச் சங்க நூலகத்திலும் ஒவ்வொரு பிரதி இருக்க வேண்டும். முதல் நான்காகக் கோடீஸ்வரன், சிங்கராசா, 2023இன் ஏப்ரல் குண்டுவெடிப்புத் தீர்ப்பு, 2025இன் அவசரகாலத் தீர்ப்பு ஆகியவற்றை எடுக்கலாம் என்பது என் எண்ணம். ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையில் ஒரு தீர்ப்பை நானே ஏற்கிறேன். பெயர்ப்பில் பங்கெடுக்க விரும்பும் கனிஷ்ட சட்டத்தரணிகளும் மாணவர்களும் மதிய இடைவேளையில் மண்டப வாசலில் உள்ள பதிவேட்டில், எந்தத் தீர்ப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாலை இறுதி அமர்வில் பொறுப்புகளைப் பிரித்துக்கொள்வோம்.

அவசரகால அதிகாரமும் நீதிமன்ற மீளாய்வும் பற்றிய முதற் கட்டுரையோடு அமர்வைத் தொடங்குகிறேன். கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.