தாழ்ந்த வாள்

(நாவலூரில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு காணும் அவையில் தண்டனைச் சட்டம் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணலாம். புறநானூற்றைத் திறந்தால் அவ்வையம் தீரும்.

தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசுகட்டிலில், அது இன்னதென்று அறியாமல் படுத்துறங்கினார் மோசிகீரனார். கட்டிலின் புனிதம் கெடுத்தவரை வெட்டுவது அக்கால வழக்கு. வாளோடு வந்த வேந்தன் வெட்டவில்லை. புலவர் விழிக்கும்வரை கவரி வீசி நின்றான். ஐம்பதாம் பாட்டில் புலவர் இரண்டையும் பிரித்தே வியக்கிறார்: வெட்டாமல் விட்டது ஒன்று, விசிறியது மற்றொன்று. அரசன் வாளெடுத்தது குற்றமன்று, அன்றைய நீதி. எனினும் தொடங்கிய செயலைக் கைவிடுதல் என்பதன் முழு இலக்கணமும் அதில் உண்டு.

தீங்கு செய்யத் தொடங்கியவன் தானே கைவிட்டால் நம் சட்டம் என் செய்யும்? 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 511ஆம் பிரிவு, முயற்சியையே குற்றமாக்கியது. 2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 62ஆம் பிரிவும் அவ்வாறே. மனம் மாறியவனுக்கு விலக்களிக்கும் ஒரு சொல்லும் இரண்டிலும் இல்லை.

ஆயினும் கோட்டைத் தொடாதவனுக்கு இரக்கமுண்டு. 1968இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மல்கியத் சிங் வழக்கைப் பாருங்கள். உரிமமின்றி நெல் ஏற்றிவந்த லாரி, அன்றைய பஞ்சாபின் சமால்காவில் மடக்கப்பட்டது. தில்லி எல்லைக்கு இன்னும் 14 மைல். அதற்குள் அவர்கள் மனம் மாறியிருக்கலாம். எனவே இது ஆயத்தமே, முயற்சியன்று என்றது நீதிமன்றம். சட்ட நூல்களில் நான் கண்ட கவிதை அந்தப் 14 மைல்தான்! கோட்டைத் தாண்டியபின் திரும்புகிறவனுக்கோ தண்டனை குறையலாம், குற்றம் நீங்காது.

ஜெர்மானியச் சட்டம், தானாக விரும்பிக் கைவிட்டவனை முயற்சிக்காகத் தண்டிப்பதில்லை. அமெரிக்கச் சட்டக் கழகத்தின் 1962ஆம் ஆண்டு மாதிரிச் சட்டமும் விலக்களிக்கிறது. ஆனால் அகப்பட்டுக்கொள்வோம் என அஞ்சியோ, வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றோ நிறுத்தினால் விலக்கில்லை.

பிறர் சொல் கேட்டு நிறுத்தினால்? மலையமானின் மக்களை யானைக்கு இடவிருந்தான் கிள்ளிவளவன். கோவூர்கிழார் பாடினார், குழந்தைகள் பிழைத்தனர். அரசனுக்கு அங்கே எந்த அச்சமும் புதிதாக நேரவில்லை. கேட்டது பாட்டு மட்டுமே. அவன் தானாகக் கைவிட்டான் என்றே நான் கொள்வேன். கவிஞர்களாகிய உங்களுக்கு இதில் பங்குண்டு. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட அச்சிறு பொழுதில்தான் அப்பாட்டு வேலை செய்தது.

இன்றைய நிலைக்கு வருவோம். ஒருவன் உணவில் நஞ்சிட்டுக் கொடுக்கிறான். உண்டவர் துடிப்பதைக் கண்டு உள்ளம் பதைத்து, அவனே ஆட்டோவில் ஏற்றிக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்த்துப் பிழைக்க வைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வாளைத் தாழ்த்தியதோடு கவரியும் வீசியவன் இவன். அவன்மேல் கொலை முயற்சி வழக்கு நிற்கும். ஓடி ஒளிந்தால் தப்பலாம். காப்பாற்றப் போனால் தானே சாட்சியாவான். அந்த நொடியில் அவனை மருத்துவமனைப் பக்கம் தள்ளுகிற சட்டமல்லவா வேண்டும்?

நஞ்சூட்டித் துன்புறுத்திய குற்றம் அவன்மேல் இருக்கட்டும். அதற்குத் தனிப் பிரிவு உண்டு. கொலை முயற்சியை மட்டும் நீக்கலாம் என்பது என் துணிபு. அவையிலுள்ள வழக்கறிஞர்கள் மறுத்துரைத்தால் கேட்கக் காத்திருக்கிறேன்.