கரை காணாப் பல்லவி

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தில் பாட்டைப் பற்றிப் பேசுவது இயல்பே. ஒருமுறை வந்த அடி மீண்டும் வருதல் பாட்டின் உயிர்நாடிகளுள் ஒன்று. அதுவே சிலர்க்கு நோயாகிவிடுவதும் உண்டு. அந்நோயே இவ்வுரையின் பொருள்.

திரும்ப வரும் அடியின் அருமையை வடசென்னைக் கடற்கரை நன்கறியும். வலை இழுப்போரின் அம்பாப் பாட்டில் ஒருவர் அடியெடுக்க, மற்றையோர் அதனை ஏற்றுப் பாடுவர்; பாட்டின் தாளமே பல கைகளை ஒன்றாக்கும். இராயபுரம், காசிமேடு பகுதிகளில் இழவு வீட்டில் இரவெல்லாம் ஒலிக்கும் கானாவிலும் பல்லவி திரும்பத் திரும்ப வந்து துயராற்றும். இரண்டிற்கும் முடிவு உண்டு. வலை கரையேறினால் அம்பா நிற்கும். சடங்கு முடிந்தால் கானா அடங்கும். நோயாளியின் மனத்தில் ஓடும் பாட்டிற்கோ கரை இல்லை.

திரைப்பாட்டின் ஓரடி எவர் மனத்திலும் சில மணி நேரம் சுழலும். செருமானியர் இதனைச் 'செவிப்புழு' என்பர். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1876இல் இதனை நகைச்சுவைக் கதையாக்கினார். டிராம் வண்டிப் பயணச்சீட்டைப் பற்றிய சிறு பாட்டொன்று ஒருவர் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது, அவர் அதனைப் பாதிரியாரான தம் நண்பரிடம் சொல்லி விடுபடுகிறார், நண்பர் அகப்பட்டுக்கொள்கிறார். கதையில் இது நகைக்கு இடமாகும். அதே சுழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் தொழிலையும் கெடுக்குமாயின் நகைக்க இடமேது?

ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவமாக மருத்துவ ஏடுகள் இதனைப் பதிவு செய்துள்ளன. கை கழுவுதல், பூட்டைச் சரிபார்த்தல் ஆகியன போல இது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆலைச் சங்கு ஊதியதும் எண்ணூர்த் தொழிலாளி இயந்திரத்தின் முன் நிற்பார். உள்ளே ஓடும் பாட்டை உடன் நிற்பவரும் அறியார். வீட்டாரோ கவனக் குறைவு என்பர், காதல் என்பர், காற்றுச் சேட்டை என்றும் கூறுவர்.

இது பிரமையன்று. பிரமையில் இசை வெளியிலிருந்து வருவதாகவே காதிற்படும். செவித்திறன் குறைந்த முதியோர்க்கு அவ்வாறு நேர்வதுண்டு. எண்ணச் சுழற்சி உடையவரோ பாட்டுத் தம் மனத்தினுள்ளேதான் ஓடுகிறது என்பதைத் தெளிவாக அறிவார். அறிந்தும் நிறுத்த இயலாமையே அவர்தம் வேதனை.

நிறுத்த முயல்வதே அதனை வளர்க்கும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வெள்ளைக் கரடியை நினையாதீர் எனப் பணிக்கப்பட்டோர் அதனையே நினைத்ததை டேனியல் வெக்னர் 1987இல் ஆய்வின்வழிக் காட்டினார். பாட்டை முழுதும் பாடி முடித்தல், வேறொரு பாட்டால் மறைத்தல், எண்ணிக்கை வைத்தல் ஆகியனவும் நொடிப்பொழுது ஆறுதல் தந்து, சுழற்சிக்கே உரமாகிவிடும்.

ஆகவே, பாட்டு வரட்டும் என விட்டு, அதனோடு மல்லுக்கு நில்லாமல் கையிலுள்ள பணியைத் தொடரப் பழக்குவது மருத்துவத்தின் ஒரு வழி. செரட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருளின்மேல் செயற்படும் மருந்துகள் மற்றொரு வழி. இவை பயன்தரச் சில வாரங்கள் ஆகும். வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைக்கலாம்.

கவிஞர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. தம்மை விடாது துரத்தும் வரியை அருள் எனப் போற்றுவது அவர்தம் மரபு. கவிஞரைத் துரத்தும் வரி எழுதி முடித்ததும் விடைபெற்றுச் செல்லும். நோயின் வரி நூறு முறை எழுதினாலும் போகாது. 'ஒரு பாட்டு என்னை விடமாட்டேன் என்கிறது' என எவரேனும் கலங்கிச் சொன்னால், 'கொடுத்து வைத்தவர்' எனப் பாராட்டி அனுப்பிவிடாதீர்கள். அவர் சொல்வதை இறுதிவரை கேட்டு, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அம்பாப் பாட்டிலும் வலை ஒரு கையால் கரையேறுவதில்லை.