ஆளோலையும் கப்பல் கணக்கும்



டச்சுக்காரர் ஊர்களைப் பற்றிப் பேச ஆவுடையார்கோவிலில் ஏன் கூட வேண்டும், பழவேற்காட்டிலோ நாகப்பட்டினத்திலோ கூடலாமே என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். நேற்று மாலை கோயிலுக்குள் நின்றபோது எனக்குப் பதில் கிடைத்தது.

இது சிவன் ஆட்கொண்ட தலம். குதிரை வாங்கப் பணத்தோடு வந்த பாண்டிய அமைச்சர் குருந்த மரத்தடியில் ஆளாகி, மாணிக்கவாசகர் ஆன ஊர். அடிமை என்ற சொல்லை நம் பக்தி இலக்கியம் இனிக்க இனிக்கச் சொல்லும். கல்யாணப் பந்தலில் சுந்தரர் முன் 'நீ எனக்கு அடிமை' என்று ஆளோலை நீட்டிய கிழவரின் கதை கேட்டு உருகாதவர் இல்லை. ஆனால் ஆளோலை என்று ஒன்று கதைக்கு வெளியே, ஊருக்குள் புழங்கியதால்தானே அந்தக் கதை கேட்டவர்களுக்கு உடனே புரிந்தது? பஞ்சத்தில் பிழைக்க வழியின்றித் தம்மையும் பிள்ளைகளையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களைச் சோழர் காலக் கல்வெட்டுகளே சொல்கின்றன. எனவே டச்சுக்காரர் வந்துதான் நமக்கு அடிமை முறையைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று யாரும் இந்த மேடையில் சொல்ல வேண்டாம். இங்கே இருந்ததை அவர்கள் கப்பலேற்றினார்கள். கணக்கும் எழுதி வைத்தார்கள்.

ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டில் 1610இல் இடம் பெற்றார்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1690இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடம் நாகைக்கு மாறியது. 1781இல் நாகை ஆங்கிலேயர் கைக்குப் போனது.

அதிகாரிகளைப் பற்றி நம்மிடம் நிறையவே எழுதியாயிற்று. பழவேற்காட்டில் பத்தாண்டு பாதிரியாக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நூல் 1651இல் அச்சானது. பர்த்ருஹரியை ஐரோப்பியர் முதலில் படித்தது அதில்தான். தானியேல் ஹாவர்ட் 1693இல் வெளியிட்ட நூலில் கல்லறை வாசகங்களைக்கூட விடாமல் எழுதி வைத்தார். பழவேற்காடு கல்லறைத் தோட்டத்து வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். உள்ளே போனால் குடும்பச் சின்னம், பெயர், பிறந்த ஊர், பதவி, வயது, எல்லாம் கல்லில் இருக்கும். வெயிலில் நின்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்த எனக்குப் பாதி வழியில்தான் உறைத்தது: இந்தக் கோட்டையில் தண்ணீர் சுமந்தவர், துணி வெளுத்தவர், பிள்ளை வளர்த்தவர் ஒருவர் பெயரும் கண்ணில் படவில்லை.

அவர்கள் வேறு ஏட்டில் இருக்கிறார்கள். 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடின. வயல் அழிந்தது, நெல் விலை ஏறியது, பஞ்சம் வந்தது. அந்த மூன்று ஆண்டுகளில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சு நிறுவனம் வாங்கிய மனிதர்கள் 8,000 முதல் 10,000 வரை. பெரும்பகுதி இலங்கைக்கு, மிச்சம் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மலாக்காவுக்கும். அப்போது தஞ்சையை ஆண்டவர் விஜயராகவ நாயக்கர். அவர் அவையில் அன்னதானத்தைப் போற்றித் தெலுங்கில் ஒரு நாடகமே எழுதப்பட்டது. இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

வாங்கியவர் டச்சுக்காரர் என்றால் விற்றவர் யார், துறைமுகம்வரை நடத்திக்கொண்டு வந்த தரகர் யார்? அந்தப் பக்கத்தைப் புரட்ட நமக்குக் கை கூசுகிறது. கூசாமல் புரட்டுங்கள்.

எண்ணிக்கைக்குள் புதைந்து போகாத ஒரு பெண்ணை மட்டும் சற்று நின்று பார்ப்போம். டச்சு ஏடுகள் அவளைப் பழவேற்காட்டுக் கத்தரீனா என்கின்றன. 'பெரிய கத்தரீனா' என்ற அழைப்புப் பெயரும் உண்டு. பத்தாவியாவில் அடிமை. தன்னை அடித்த காதலனிடமிருந்து தற்காத்துக்கொள்ளப் போய் அவனைக் கொன்றுவிட்டாள். 1656இல் மரண தண்டனை விதித்து, பிறகு அதை ஆயுள் நாடுகடத்தலாகக் குறைத்து, ஆப்பிரிக்காவின் தென்முனையில் ஐந்து ஆண்டு முன்பு தொடங்கியிருந்த கேப் குடியிருப்புக்கு 1657இல் அனுப்பினார்கள். நிறுவன ஊழியர் ஒன்பது பேருக்கு அங்கே நிலம் கொடுத்து முதல் 'சுதந்திரக் குடிகள்' ஆக்கியதும் அதே ஆண்டுதான். பள்ளிப் பாடத்தில் குடியேறிகள் என்று அவர்கள் ஒன்பது பேரைத்தான் சொல்வார்கள். கத்தரீனா கோட்டையில் துணி வெளுத்தாள். ஒரு சிப்பாய்க்கு 1669இல் மகன் பெற்றாள். 1671இல், விடுதலை பெற்றிருந்த வங்காளத்து அந்தோணியை மணந்தாள். மகன் கிறிஸ்தோபல் ஸ்னைமன் வளர்ந்து, பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த குடும்பத்துப் பெண்ணைக் கட்டினான். தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் வம்சம் அங்கிருந்துதான் கிளைக்கிறது.

விடுதலை பெற்றவர்களை ஒரே நிறத்தில் தீட்டவும் முடியாது. கேப்பில் விடுதலையான கறுப்பர்களில் சிலர் தாமும் அடிமைகளை வாங்கினார்கள். பத்தாவியாவில் விடுதலை பெற்றவர்களுக்கு 'மார்டைக்கர்' என்று பெயர். வங்கத்திலிருந்தும் நம் கரையிலிருந்தும் போனவர்கள் அவர்களில் பலர். ஆனால் கிறிஸ்தவர்களாகி, போர்த்துக்கீசியம் பேசினார்கள். மார்டைக்கர் என்பது வடமொழியின் 'மகர்த்திக' மலாய்க்குப் போய் 'மெர்டேக்கா' ஆனதன் டச்சு உருவம். மலேசியத் தமிழர் ஆண்டுதோறும் கொண்டாடும் அதே மெர்டேக்காதான்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அடிமைக்கு வைத்த பெயரில் எஜமானன் வேடிக்கை இருக்கும்: டைட்டஸ், குபிடோ, செப்டம்பர். செப்டம்பர் இன்றும் கேப் டவுனில் குடும்பப் பெயர். ஆனால் பெயரை ஒட்டி ஊர் இருக்கும்: பழவேற்காடு, நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வெறுமனே 'கரை'. உயிலிலும் ஞானஸ்நானப் பதிவிலும் விலைப் பத்திரத்திலும் அந்த ஊர்ப்பெயர்களைத் தேடி எடுக்கலாம். அதற்கு டச்சு மொழி படித்த இளையவர்கள் பத்துப் பேராவது வேண்டும். மொழிபெயர்ப்பை மொழிபெயர்த்துக்கொண்டே எத்தனை காலம் ஓட்டுவது?

இந்தக் கோயில் கொடுங்கையை அண்ணாந்து பாருங்கள். கல்லில் கைமரம் செதுக்கிய சிற்பி, அதில் அறைந்த ஆணியின் தலையையும் விட்டுவிடவில்லை. கட்டுரை வாசிக்க வருகிறவர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். இத்தனை ஆயிரம் பேர் போனார்கள் என்று எண்ணிக்கையோடு நகர்ந்துவிடாதீர்கள். பெயர் கிடைத்த இடத்தில் பெயரை வாசியுங்கள், உரக்க வாசியுங்கள். நேரம் முடிந்தது என்று மணி அடிக்க மாட்டேன். முதல் அமர்வைத் தொடங்கலாம்.