வாதாடும் உடன்பணியாளரும் நாமும்

   

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் கழகம் தொடங்கப்பெற்ற போது, பிள்ளைகளைப் பள்ளியில் நிலைக்கச் செய்வது எவ்வாறு என்பதே நம் கவலையாக இருந்தது. இன்று அப்பிள்ளைகளிற் பலர் வேடசந்தூர் நூற்பாலைகளிலும் திண்டுக்கல் அலுவலகங்களிலும் பணியாற்றுகின்றனர். பொங்கலுக்கு ஊர் வரும்போது அவர்கள் நம்மிடம் கூறும் குறை சம்பளத்தைப் பற்றியதன்று. “பக்கத்து நாற்காலிக்காரர் எதற்கெடுத்தாலும் வாதாடுகிறார், ஐயா” என்பதே அக்குறை. இதன் பொருட்டு வேலையையே உதறிவிட எண்ணியவரும் உண்டு. ஒரு குடும்பம் மூன்று தலைமுறை காத்திருந்து பெற்ற முதல் மாதச் சம்பளத்தை இன்னொருவருடைய வாய்க்குப் பயந்து இழப்பதா? ஆதலின் இன்று இதனைப் பேசத் துணிந்தோம்.

வாதாடும் உடன்பணியாளரோடு பழகிய வகையில் அண்ணல் அம்பேத்கரைவிடச் சிறந்த ஆசான் நமக்கு இல்லை. அவரைச் சிலையாக அறிந்த அளவுக்கு, பணியாற்றிய மனிதராக நாம் அறியவில்லை என்பது எம் கருத்து. 1947 ஆகஸ்டு 29 ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை ஒரு வரைவுக் குழுவை அமைத்தது. அதன் தலைவராக அவர் அமர்ந்தார். உறுப்பினர் எழுவர். ஒருவர் விலகினார், ஒருவர் காலமானார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவருக்கு அரசுப் பணிகள், சிலர் உடல்நலக் குறைவால் தில்லியிலிருந்து விலகியிருந்தனர். சுமை முழுவதும் இறுதியில் அம்பேத்கர் தோளில் விழுந்தது என்று சபையிலேயே எடுத்துரைத்தவர், நம் சென்னை மாகாணத்து டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஆவார்.

அச்சுமையின் மேல் எதிர்வாதம் வேறு! வரைவுக்குத் தரப்பட்ட திருத்தங்கள் ஏறத்தாழ 7,635. சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. வங்காளத்து நசிருதீன் அகமது காற்புள்ளியையும் விடமாட்டார். எச்.வி. காமத்தோ எழுந்தால் எளிதில் அமர மாட்டார். வரைவுக் குழு தன் வாசகத்தைத் தானே மாற்றி மாற்றி எழுதியதைக் கண்ட நசிருதீன் அகமது, ‘டிராஃப்டிங் கமிட்டி’யை ‘டிரிஃப்டிங் கமிட்டி’ என்றார். வரையும் குழுவன்று, திசையின்றி மிதக்கும் குழு என்பது பொருள். இரவு பகலாக உழைப்பவரை நோக்கி இதனைச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் பொறுப்போம்?

1949 நவம்பர் 25 ஆம் நாள் அண்ணல் இதற்கு விடை தந்தார். இதனினும் நல்லதைத் தேடுவது மிதப்பது ஆகாது என்றார். பிழை என்று தெரிந்த திருத்தத்தைத் திரும்பப் பெறும் துணிவு இல்லாதிருந்தால் குழு தன் கடமையில் தவறியிருக்கும் என்றார். அந்த ஏளனத்தைப் பாராட்டாகவே கொள்வதாகவும் கூறினார். அதே உரையில் காமத், கே.டி. ஷா, குன்ஸ்ரு முதலிய ‘கலகக்காரர்’களைப் பெயர் சொல்லி நன்றி பாராட்டினார். அவர்கள் கூறியவற்றைத் தாம் ஏற்கவில்லை. ஆயினும் அவர்கள் இன்றேல் சபை ‘ஆமாம்’ போடுவோர் கூட்டமாகியிருக்கும் என்பது அவர் கருத்து.

பணிவாகப் பேசியே வென்றார் என்று எண்ணிவிட வேண்டா. 1948 நவம்பர் 29 இல் தீண்டாமை ஒழிப்புப் பிரிவு சபைக்கு வந்தது. அதுவே இன்றைய 17 ஆம் பிரிவு. அதற்கும் நசிருதீன் அகமது ஒரு திருத்தம் தந்தார். ஷா ஒரு குறை கூறினார். தம் வாழ்நாள் வேதனையெல்லாம் கொட்டித் தீர்க்க அதைவிட வாய்ப்பு ஏது? அண்ணலோ திருத்தத்தை ஏற்பதற்கில்லை என்று ஒரே தொடரில் முடித்தார். ஷாவுக்கு விடையளிக்கிறீரா என்று அவைத் தலைவர் வினவ, ‘இல்லை’ என்றார். பிரிவு நிறைவேறியது.

ஆனால் இளைஞர்களே, இன்னொரு வகை உடன்பணியாளரையும் அவர் கண்டார். 1917 இல் பரோடா அரசுப் பணியில், கடைநிலை ஊழியரும் கோப்புகளை அவர் மேசைமீது தூர நின்று எறிந்தனர். 1918 இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோது, ஆசிரியர்க்குரிய பானையில் அவர் நீர் அருந்துவதை உடன்பணியாற்றிய சிலர் எதிர்த்தனர். இதற்கும் காற்புள்ளிச் சண்டைக்கும் உள்ள வேறுபாட்டை அறிதல் வேண்டும். அது வேலையைப் பற்றிய வாதம். இது நீ இங்கு இருக்கலாமா என்னும் கேள்வி. முன்னதற்கு விடை கூறலாம். பின்னதோடு வாதாடுவது, நம் இருக்கையை நாமே ஏலத்திற்கு விடுவதாகும்.

எங்கள் ஆசிரியர் அறையிலும் வாதாடுவோர்க்குப் பஞ்சமில்லை. கால அட்டவணை பற்றிய கூட்டம் என்றாலே ஒருவர் எழுந்து நிற்பார். “சொன்னதை எழுதித் தாருங்கள், ஐயா” என்போம். வாயால் ஏழாக இருந்த மறுப்பு, தாளில் இரண்டாகச் சுருங்கும். இரண்டில் ஒன்றை ஏற்போம். மற்றதை ஏற்கவில்லை என்று அவருக்கே கூறிவிடுவோம். பிறகு தேநீர் ஒன்றாகவே அருந்துவோம். குரலை உயர்த்துவோர்க்கு எழுதுகோலைத் தருவது ஒரு நல்ல மருந்து. இளைஞர்கள் தம் மேசையிலும் செய்து பார்க்கலாம்.

சாதி சுட்டி இழித்துரைத்தாலோ, ‘கோட்டாவில் வந்தவர்தானே’ என்று குத்தினாலோ, அங்கு மறுமொழிப் போட்டி வேண்டா. நாள், நேரம், சொன்ன சொல், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வைத்து, அலுவலகத் தலைவரிடம் மனுவாகத் தந்து, நகலில் ஒப்புதல் கையொப்பம் பெறுக. பட்டியல் சாதியினரைப் பிறர் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சாட்சி இல்லாத கோபம் காவல் நிலையத்தில் நில்லாது. கை நீட்டினாலோ வழக்கே நம்மீது திரும்பும்.

நம் கழகச் செயற்குழுவிலும் காமத்துகள் இருவர் மூவர் உள்ளனர். அவர்களை அடுத்த ஆண்டும் தேர்ந்தெடுக்க வேண்டுகிறோம். அவர்கள் மறுப்புரை கூறுங்கால் அதனைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பின்னரே தலைவர் கையொப்பம் இடல் வேண்டும் என்பதையும் செயலருக்கு இங்கேயே சொல்லி வைக்கிறோம்.