அயலுக்காக ஓர் உபவாசம்

(சங்கத்தின் நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் ஆற்றிய உரை)



நன்றி வழிபாட்டில் சாப்பாட்டை விடுவதைப் பற்றிப் பேசலாமோ என்று நீங்கள் நினைக்கக்கூடும். வெளியே மதிய விருந்து வேறு ஆயத்தமாகிறது. ஆனாலும் பாடசாலை பழக்கிய நல்ல காரியம் ஒன்றை நாங்கள் பாதியில் விட்டுவிட்டோம். நூறாவது ஆண்டில் அதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

விடுதியில் இருந்தவர்களுக்கு லெந்து காலத்து வெள்ளிக்கிழமைகள் நினைவிருக்கும். மத்தியான மணி அன்று சாப்பாட்டுக்கு அடிக்காது; ஜெபத்துக்கு அடிக்கும். மழைக்காக, நோயாளிகளுக்காக, சமாதானத்துக்காக முழங்காலில் நின்று ஜெபிப்போம். ஒருத்தியின் வயிறு சத்தம் போட, பக்கத்தில் நிற்பவளுக்குச் சிரிப்பு வரும். பின்னேரம் மேற்றன் எங்களைக் களஞ்சிய அறைக்குக் கூட்டிப் போவார். அன்று உலையில் போடாத அரிசியைச் சுண்டால் அளந்து சாக்கில் கொட்டுவோம். சனிக்கிழமை காலை இரண்டு பிள்ளைகள் அவரோடு போய், ஒழுங்கைக்குள் இருந்த சில வீடுகளில் அதைக் கொடுத்து வருவார்கள். "ஆற்றை வீட்டுக்குப் போகுது எண்டு தெரியாமல் பசி கிடந்து என்ன பிரயோசனம்?" என்று கேட்பார். அப்போது எங்களுக்கு அது விளங்கவில்லை.

வளர்ந்தபின் நாங்கள் உபவாசத்தை விடவில்லை. சுண்டைத்தான் மறந்துவிட்டோம்.

2022ஆம் ஆண்டு இங்கிருந்தவர்களுக்கு அதை விபரிக்கத் தேவையில்லை. அந்தச் செப்டெம்பரில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியிருந்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை, மருந்துக்கும் தட்டுப்பாடு. எங்கள் ஆலயத்தில் வெள்ளிதோறும் உபவாச ஜெபம் நடந்தது. அப்படியொரு வெள்ளிக்கிழமை காலை, கிளினிக் வரிசையில் நின்ற ஓர் அம்மா வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறிச் சரிந்தார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சிலவற்றை மாற்றியே சொல்கிறோம்.) இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கியிருந்தது. வழமைபோல் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சிகிச்சை கொடுத்து அவர் தெளிந்ததும், "அம்மா, இன்சுலின் போட்டுக்கொண்டு உபவாசம் இருக்கக்கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனாங்கள்?" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டோம். எங்கள் ஜெபக் கூட்டத்துக்கு ஒழுங்காக வருபவர் அல்லவா!

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "உபவாசம் இல்லைப் பிள்ளை. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில ஒண்டும் இல்லை" என்றார்.

உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசி, முகம் கழுவி, பிறர் அறியாதபடி இருங்கள் என்று மலைப் பிரசங்கத்தில் இயேசு கற்பித்தார். அந்த அம்மா தன் பசியை அப்படித்தான் வைத்திருந்தார். தலை வாரி, தோய்த்த சேலை உடுத்து, எங்களோடு வந்து இருந்து, ஊரின் பசி தீர வேண்டும் என்று ஜெபித்துவிட்டுப் போயிருந்தார். நாங்களும் ஊருக்காகக் கண்களை மூடி ஜெபித்தோம். ஊர் எங்களுக்கு இரண்டு வாங்கு தள்ளி இருந்தது.

ஏசாயா 58ஆம் அதிகாரத்தை அன்றிரவு மறுபடி வாசித்தோம். நாங்கள் உபவாசிக்கிறோமே, ஆண்டவர் ஏன் பார்க்கவில்லை என்று மக்கள் அங்கே முறையிடுகிறார்கள். பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதும், வீடற்றவனைச் சேர்த்துக்கொள்வதுமே தாம் விரும்பும் உபவாசம் என்று பதில் வருகிறது. ஆதித் திருச்சபை இதை அப்படியே எடுத்துக்கொண்டது. இரண்டாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து அரிஸ்தீதெஸ் உரோமப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில், தங்களிடம் மிச்சமில்லாத கிறிஸ்தவர்கள் இரண்டு மூன்று நாட்கள் உபவாசித்து, இல்லாதவருக்கு உணவு கொடுக்கிறார்கள் என்று எடுத்துச் சொல்கிறார். எங்கள் மேற்றன் அதை வாசித்திருப்பாரோ தெரியாது. ஆனால் அதைத்தான் செய்தார்.

அடுத்த வெள்ளி முதல் எங்கள் சிறு கூட்டம் மாறியது. ஆளுக்கொரு ஒழுங்கையைப் பொறுப்பெடுத்தோம். ஜெபத்துக்கு முன் அந்த ஒழுங்கைக்குப் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும். சாப்பிடாத நேரத்துக்குரிய அரிசியைச் சுண்டால் அளந்து கொண்டுவர வேண்டும். யாருக்குக் கொடுத்தோம் என்பது கூட்டத்தில் சொல்லப்படாது. குசினி வாசலில் வைத்துவிட்டு வருவோம். நாங்கள் ஜெபித்ததால் விலை இறங்கியது என்று சொல்ல வரவில்லை. "நாட்டின் வறுமை" என்று ஜெபித்தவர்கள், ஒரு பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்துக்காகவும் ஒரு தாத்தாவின் குளிசைக்காகவும் ஜெபிக்கத் தொடங்கினோம். சில மாதங்களின் பின் அந்த அம்மாவும் ஒரு பிடி அரிசியை முடிந்துகொண்டு வந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தோம். நல்ல காலம், சொல்லவில்லை.

வைத்தியராக ஒரு வார்த்தை. இன்சுலின் போடுவோர், சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்போர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு பிள்ளைகள், உடல் தளர்ந்த முதியோர் சாப்பாட்டை விட வேண்டாம். கந்தசஷ்டி விரதம் பிடிக்கும் எங்கள் சைவச் சகோதரிகளுக்கும் இதையே சொல்வோம். உங்கள் வைத்தியரைக் கேட்காமல் மருந்தையும் நிறுத்தாதீர்கள். உங்களால் பிரியமான ஒன்றை விடலாம்: கைத்தொலைபேசியை, பின்னேரப் பலகாரத்தை. அரிசியை மட்டும் அளந்து வையுங்கள்.

தூர தேசங்களில் இருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளே, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் போய்ச் சேர்ந்த அந்தப் பட்டணத்தின் நலனுக்காக ஜெபியுங்கள் என்பது அதன் செய்தி. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தபோது, எங்கள் பெயர்கூடத் தெரியாத தென்மராட்சி வீடுகள் எங்களுக்குக் கஞ்சி ஊற்றின. அந்தக் கடனை ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும்கூடத் திருப்பிக் கொடுக்கலாம். ஊருக்கு நீங்கள் அனுப்பும் உதவிக்கு நன்றி. ஆனால் உங்கள் மாடிக்குடியிருப்பில் பக்கத்துக் கதவும் உங்கள் அயல்தான்.

பெரிய திட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. ஒரு வெள்ளி, ஒரு நேரச் சாப்பாடு, பெயர் தெரிந்த ஒரு வீடு. இன்றைய விருந்தைச் சந்தோஷமாகச் சாப்பிடுவோம். வீட்டுக்குப் போனதும், குசினித் தட்டில் எங்கேயாவது ஒரு சுண்டு கிடந்தால் அதைக் கழுவி எடுத்து வையுங்கள்.

கர்த்தர் எங்கள் பாடசாலையையும் அதன் அயலையும் ஆசீர்வதிப்பாராக.